மிளகு நாட்டுக்கு வந்த வான் ரீடு

மட்டாஞ்சேரியிலுள்ள டச்சு அரண்மனையை நம் மாணவ நண்பர்கள் பலரும் கண்டிருப்பர். போர்த்துகேயர் கட்டிய அம்மாளிகையை 1663இல் டச்சுக்காரர் புதுப்பித்தனர். அந்த டச்சுக்காரருள் ஒருவர் நம் செடிகொடிகளுக்குச் செய்த தொண்டினைச் சுருங்கச் சொல்ல விழைகிறேன்.

ஹெண்ட்ரிக் வான் ரீடு 1636இல் ஹாலந்து நாட்டின் உயர்குடியொன்றில் பிறந்தார். இளமையிலேயே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, கொச்சியைக் கைப்பற்றிய போரிலும் பங்குகொண்டார். 1670களில் மலபாரின் ஆளுநராக விளங்கினார். கம்பெனி நாடியது மிளகை. அவர் நாடியதோ இம்மண்ணின் பச்சிலைகள் அனைத்தையும்.

சேர்த்தலைப் பக்கத்து ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணிப் புலவர் மூவரையும் துணைகொண்டார். அதன் பயனே ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’. ஏறத்தாழ 740 செடிகளை விளக்கும் இவ்விலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1691இல் கப்பலிலேயே உயிர்நீத்து, சூரத்தில் அடக்கமானார்.

வேம்பும் எருக்கும் மிளகுக்கொடியும் அந்நூலில் உள்ளன. இவற்றுக்கு மருந்துக் குணம் வந்தது ஏன்? இன்றைய அறிவியல் விடை கூறுகிறது. ஓடித் தப்ப இயலாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சியை எதிர்க்கத் தன் உடலிலேயே வடித்துக்கொண்ட படைக்கலன்கள் பலவே நமக்கு மருந்தாயின. வேம்பின் அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுக்கும். அது தோலுரித்து வளர்வதையும் குலைக்கும். மிளகின் பைப்பரினும் அதன் இனப்பொருள்களும், நஞ்சை முறிக்கும் பூச்சியின் நொதிகளையே முடக்கும். கம்பெனி கப்பலேற்றிய காரம், கொடி தனக்கென இட்ட வேலியாகும்!

ஆயினும் பூச்சியும் சளைக்கவில்லை. பொள்ளு வண்டின் புழு மிளகுக்காயைக் குடைந்து வெறுங்கூடாக்குகிறது. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையையே உண்டு வளர்கிறது. அந்நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. ஒன்றுக்கு நஞ்சானது மற்றொன்றுக்குக் கவசமாகிறது.

வான் ரீடு வணிகக் கம்பெனியின் ஆளாகவே வந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஒன்றுக்காக அவரைப் போற்றுகிறேன். நாடாளும் நிலையிலிருந்தவர், சாதி கருதி உலகம் தாழ்த்திவைத்த ஒரு மருத்துவரிடம் கேட்டறிந்தார். 1675இல் அவர் மலையாளத்தில் எழுதித் தந்த சான்றையும் முதல் தொகுதியிலேயே அச்சேற்றினார். அதனாலன்றோ இட்டி அச்சுதன் பெயரை இன்று நாம் அறிகிறோம்! 2003இல் பேராசிரியர் மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

நம் ஊர்களில், ஏட்டிலேறாமல் முதியோருடன் மறையும் பச்சிலை அறிவு எத்துணையோ! எந்த இலையைப் பூச்சி தீண்டாது, எதை நெற்குதிரில் இடுவர் என்பதைப் பாட்டிமார் அறிவர். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் ஒரு குறிப்பேட்டுடன் செல்க. சொன்னவர் பெயரையும் மறவாது எழுதுக. ஆய்வுக்கூடத்தின் வேலை அதன் பின்னரே தொடங்கும்.