தாமஸ் மன்றோ: நீதியை ஊர்ப்பக்கம் கொண்டுவந்தவர் சேர்த்து வைத்த அதிகாரம் ஏன் பிரிக்கப்பட்டது?

கோலா சாவாவில் ஒரு வீட்டின் முன் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போலீசில் புகார் கொடுக்கிறீர்கள். ஆள் பிடிபடுகிறார். அவர் மீது குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? போலீஸ் இல்லை, நீதிபதியும் இல்லை. அது அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தின் வேலை. நெகிரி செம்பிலானுக்கு ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே துணை வழக்கறிஞர்கள் என்று அது மாநில வாரியாகப் பிரிந்து இயங்குகிறது.

இப்படி வட்டாரம் வட்டாரமாகப் பிரிப்பது நல்லதுதான். ஆனால் பிரித்த இடத்தில் யார் கையில் எவ்வளவு அதிகாரம் என்பதுதான் முக்கியம். 200 வருஷத்துக்கு முன்பே சென்னை மாகாணத்தில் இந்தச் சிக்கல் எழுந்தது. அதன் நடுவில் இருந்தவர் தாமஸ் மன்றோ.

யார் இந்த மன்றோ?

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் அந்த வியாபாரம் நொடித்துப்போனது. மகன் கிழக்கிந்திய கம்பெனியின் படையில் சேர்ந்து 1780-ல் சென்னை வந்து இறங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே ஹைதர் அலியோடு போர்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கம்பெனிக்குக் கைமாறியது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம் அது. அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக மன்றோ அங்கே 7 வருஷம் வேலை பார்த்தார். கிராமம் கிராமமாகப் போய் நிலத்தை அளந்தார். ஜமீன்தார் இல்லாமல் விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

சேலம், வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர் என்று உங்கள் தாத்தா பாட்டி ஊர்ப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பக்கம்தான். அவர்களுடைய முன்னோர்கள் மன்றோ உருவாக்கிய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்.

அவர் என்ன மாற்றினார்?

1800-ல் பெல்லாரி, கடப்பா உள்ளிட்ட பெரும் பரப்புக்கு அவர் முதன்மை கலெக்டர் ஆனார். ஒரே ஆளால் பார்க்க முடியாத நிலப்பரப்பு அது. நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு துணை கலெக்டரை வைத்துக்கொண்டார். 1807 வரை அங்கே இருந்தார்.

இதற்கிடையில், 1802-ல் வங்காளத்து முறை சென்னை மாகாணத்துக்கும் வந்திருந்தது. வரி வசூல் கலெக்டருக்கு, நீதிமன்றமும் போலீசும் ஜில்லா நீதிபதிக்கு என்று பிரிப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீதிமன்றங்கள் கொஞ்சம், தூரம் அதிகம், செலவும் அதிகம். வழக்குகள் குவிந்தன. ஒரு ஏழை விவசாயி பல நாள் நடந்து போய், தனக்குப் புரியாத நடைமுறையில் வழக்காட வேண்டியிருந்தது.

1814-ல் இதைச் சரிசெய்யும் ஆணையத்தின் தலைவராக மன்றோ திரும்பி வந்தார். 1816-ல் புதிய சட்டங்கள் வந்தன. கிராமத் தலைவரே முன்சீப்பாக 10 ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கலாம். அதற்கு மேல் மாவட்ட முன்சீப்புகள். அந்தப் பதவிகளில் இந்தியர்கள் அமர்ந்தார்கள். நீதி ஊர்ப்பக்கம் வந்தது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. போலீசும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறின. அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத்தில் மணியக்காரர். குற்றம் சாட்டவென்றே தனி அலுவலகம் மாவட்டத்தில் கிடையாது. பிடிப்பதும், விசாரிப்பதும், சின்னக் குற்றங்களுக்குத் தண்டிப்பதும், பெரிய குற்றங்களை நீதிமன்றத்துக்கு அனுப்புவதும் ஒரே வரிசை அதிகாரிகள். வரி வசூலிப்பதும் அவர்களேதான்.

எங்கே தப்பானது?

1820-ல் மன்றோ சென்னை மாகாண ஆளுநர் ஆனார். 1827 ஜூலை 6-ல், சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ஜனங்கள் அவரை மறக்கவில்லை. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அவர் சேர்த்து வைத்த அதிகாரம் அவருக்குப் பின்னும் நின்றது. வரி கட்டாதவரை அடிக்கிற தாசில்தார் ஆளைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது? அந்த தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். 1855-ல் வெளிவந்த சென்னை சித்திரவதை ஆணைய அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. விரல்களை நசுக்கும் கிட்டி, தலையைக் குனியவைத்துக் கால்விரலோடு கட்டும் அனுந்தால் போன்ற கொடுமைகள் வரி வசூலுக்கே பயன்பட்டன. அதன் பிறகு 1859-ல் போலீஸ் தனித் துறையாகப் பிரிந்தது.

மீதிப் பிரிப்புக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை மாஜிஸ்திரேட்டை நிர்வாகத்திலிருந்து இந்தியா முழுக்கப் பிரித்தது. போலீஸ் அதிகாரி உதவி அரசு வழக்கறிஞராக நியமிக்கப்படக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம், மாவட்டம் தோறும் குற்றவழக்குத் தொடுப்பு இயக்ககம் அமைக்க வழி செய்திருக்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

மலேசியாவில் சட்டத்துறைத் தலைவரே அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். வழக்குத் தொடுக்கவும், தொடுத்ததைக் கைவிடவும் கூட்டரசு அரசியலமைப்பின் 145-வது பிரிவு அவருக்கே அதிகாரம் தருகிறது. இந்த இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக நடந்து வருகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சம்பளம் கொடுப்பவரும், வீடு கொடுப்பவரும், தப்பு விசாரிப்பவரும் ஒரே துரையாக இருந்தபோது, துரை நல்லவராக அமைந்தால் பிழைப்பு ஓடும். இல்லாவிட்டால் போக இடமில்லை.

மன்றோ நல்ல அதிகாரிதான். அவருடைய முறை நல்ல அதிகாரியை நம்பியே கட்டப்பட்டது. ஆகவே ஓர் அலுவலகத்தை வட்டார வாரியாகப் பிரிக்கிறோம் என்று சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பக்கம் என்று கேளுங்கள். அந்த அதிகாரி தப்பு செய்தால் வேறு யாரிடம் போகலாம் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.