தம் பெயர் தாங்கிய காரில் வென்றவர்

நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகருக்கு அருகே, தாக்கப்புனா என்னும் கடலோர ஊரில் சிறுவர்களுக்கான மருத்துவ இல்லம் ஒன்று இருந்தது. அங்கே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் படுக்கையில் கிடந்தான். அவன் கால்கள் அசையாதவாறு கட்டப்பட்டிருந்தன. இடது இடுப்பு எலும்புக்குப் போதிய இரத்தம் செல்லாததால் மூட்டு நலிந்துபோகும் நோய் அவனைத் தாக்கியிருந்தது. மற்றச் சிறுவர்கள் திடலில் ஓடியாடிக்கொண்டிருந்த வயதில் அவன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தான். அவன் மீண்டும் இயல்பாக நடப்பானா என்ற கவலை பெற்றோரை வாட்டியது.

அந்தச் சிறுவன் நடந்தான். ஆனால், அவனுடைய இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவன் சற்றுச் சாய்ந்தே நடக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் உலகின் மிக வேகமான கார்களை ஓட்டியவரும், தம் பெயரிலேயே ஒரு பந்தய அணியை உருவாக்கியவருமான புரூஸ் மெக்லாரன்தான் அந்தச் சிறுவன்.

புரூஸ் 1937ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் ஆக்லாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை லெஸ் ரெமுவெரா என்னும் பகுதியில் பெட்ரோல் நிலையமும் கார் பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்திவந்தார். அவருக்குக் கார்ப் பந்தயத்திலும் ஆர்வம் உண்டு. பட்டறையில் எப்போதும் எண்ணெய் மணமும் இயந்திர ஒலியும் நிறைந்திருக்கும். ஓடி விளையாட முடியாத மகனுக்கு அந்தப் பட்டறையே விளையாட்டுத் திடலாயிற்று. எந்தத் திருகாணி எந்த உறுப்பைப் பிடித்திருக்கிறது, ஓர் இயந்திரம் ஏன் திணறுகிறது என்பதையெல்லாம் அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் லெஸ், பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டிருந்த பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வாங்கிவந்தார். தந்தையும் மகனும் அதைச் செப்பனிட்டு மீண்டும் ஓட வைத்தார்கள். 1952ஆம் ஆண்டில், பதினைந்து வயதைக்கூட எட்டாத புரூஸ் அந்தக் காரில் மலையேற்றப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டார். காரை ஓட்டுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பந்தயத்திற்குப் பிறகும் அதில் என்ன மாற்றம் செய்தால் இன்னும் வேகமாக ஓடும் என்று சிந்தித்தார். பள்ளிக்குப் பின் பொறியியல் படிப்பிலும் சேர்ந்தார். ஓட்டுநரின் துணிவும் பொறியாளரின் சிந்தனையும் அவரிடம் ஒன்றாகவே வளர்ந்தன.

1958ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்புமுனை ஏற்பட்டது. திறமைமிக்க இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கும் திட்டம் நியூசிலாந்தில் தொடங்கப்பட்டது. அதற்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் புரூஸ். இருபது வயதில் இங்கிலாந்து சென்ற அவர் கூப்பர் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில், பெரிய கார்களும் சிறிய கார்களும் சேர்ந்து ஓடின. சிறிய காரை ஓட்டிய புரூஸ், தம் பிரிவில் முதலாவதாகவும் மொத்தத்தில் ஐந்தாவதாகவும் வந்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார்.

அக்காலப் பந்தயக் கார்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. ஃபார்முலா ஒன் கார்களில் ஒருவர் மட்டுமே அமர முடியும். சக்கரங்கள் நான்கும் மூடப்படாமல் காரின் உடலுக்கு வெளியே இருக்கும். 1950களில் பெரும்பாலான கார்களில் இயந்திரம் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது. கூப்பர் அணியோ இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துச் சிறிய, எடை குறைந்த கார்களைச் செய்தது. அவை வளைவுகளில் எளிதாகத் திரும்பின. சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளும் அதே முறையைப் பின்பற்றின. ஓட்டுநர்களின் பாதுகாப்போ மிகவும் குறைவாக இருந்தது. அவர்கள் இருக்கை வார் அணிவது வழக்கமில்லை. பந்தயத் தடங்களின் ஓரங்களில் மரங்களும் வீடுகளும் கம்பங்களும் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஓட்டுநர்கள் சிலர் உயிரிழந்தனர்.

1959ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் சீப்ரிங் தடத்தில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் நடந்தது. கூப்பர் அணியின் மூத்த ஓட்டுநரான ஆஸ்திரேலியர் ஜாக் பிராபம் முன்னணியில் சென்றார். புரூஸ் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் பிராபமின் காரில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அதனால் புரூஸ் அவரை முந்திச் சென்று, ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் முதலிடம் பெற்றார். பிராபம் தம் காரைக் கையால் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டைக் கடந்து நான்காம் இடத்தைப் பிடித்தார். அவ்வாண்டின் உலக வெற்றியாளரும் ஆனார். அப்போது புரூசுக்கு வயது 22 மட்டுமே. அத்தனை இளம் வயதில் எவரும் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றதில்லை என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தை அடைந்தார்.

எனினும், பிறர் செய்த காரை ஓட்டுவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. 1963ஆம் ஆண்டு தம் பெயரில் ஒரு பந்தய நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதில் பணியாற்றியவர்கள் சிலரே. புரூஸ் அவர்களோடு சேர்ந்து வரைபடம் வரைந்தார், உலோகத்தை வெட்டினார், இரவு வெகுநேரம் வரை பட்டறையில் நின்றார். முதலாளி, தொழிலாளி என்ற இடைவெளி அங்கே இல்லை. அவர் கோபப்பட்டுப் பேசுவது அரிது. அதனால்தான் எத்தனை கடினமான வேலையையும் அவருடைய குழுவினர் மனமுவந்து செய்தனர்.

மறு ஆண்டே பெரும் துயரம் ஒன்று நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் அவருடைய அணியைச் சேர்ந்த அமெரிக்க இளைஞர் டிம்மி மேயர் விபத்தில் இறந்தார். புரூஸ் மிகவும் மனமுடைந்தார். தம் நண்பரைப் பற்றி அவர் உருக்கமான இரங்கல் உரை ஒன்றை எழுதினார். அதில் அவர் சொன்னவை ஒருநாள் தமக்கே பொருந்தும் என்பதை அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. டிம்மியின் அண்ணன் டெடி மேயர் பந்தய உலகை விட்டு விலகவில்லை. அவர் புரூசின் நிறுவனத்தில் இணைந்து அதற்குத் தூணாக நின்றார்.

புரூஸ் எதையும் கூர்ந்து நோக்குபவர். ஒருமுறை புதிய கார் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது, அதன் முன்பகுதியில் எரிபொருள் ஊற்றும் துளையின் மூடி படபடவென்று அடித்துக்கொள்வதைக் கவனித்தார். வேகமாகச் செல்லும்போது காற்று அந்த மூடியைக் கீழே அழுத்த வேண்டும். அது ஏன் மேலே எழுகிறது என்று அவர் சிந்தித்தார். இயந்திரத்தைக் குளிர்விப்பதற்காக உள்ளே நுழையும் காற்று, சரியாக வெளியேற வழியின்றிக் காரை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. உடனே காரை நிறுத்தினார். தகடு வெட்டும் கத்தரியை எடுத்து, காரின் மேற்பகுதியை வெட்டி அந்தக் காற்று வெளியேற வழி செய்தார். மீண்டும் ஓட்டியபோது கார் முன்பைவிட வேகமாக ஓடியது. பலர் பொருட்படுத்தாத ஒரு சிறு அசைவு அவருக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

1966ஆம் ஆண்டு மொனாக்கோவில் மெக்லாரன் நிறுவனத்தின் முதல் ஃபார்முலா ஒன் கார் களமிறங்கியது. ஆனால், எண்ணெய்க் கசிவால் அது சில சுற்றுகளிலேயே நின்றுவிட்டது. புரூஸ் தளரவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். அதே ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், தம் நாட்டவரான கிறிஸ் ஏமனுடன் இணைந்து ஃபோர்டு காரை ஓட்டி வெற்றி பெற்றார். மறு ஆண்டு முதல் வட அமெரிக்காவின் கேன்-ஏம் பந்தயங்களில் பப்பாளிப்பழ நிறம் பூசிய மெக்லாரன் கார்கள் கொடிகட்டிப் பறந்தன. 1969ஆம் ஆண்டில் அந்தத் தொடரின் 11 பந்தயங்களையும் புரூசும் அவருடைய நண்பர் டென்னி ஹியூமும் தங்களுக்குள் பகிர்ந்து வென்றார்கள்.

அவர் நெடுநாள் காத்திருந்த நாள் 1968ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி வந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் முன்னணியில் இருந்தார். பந்தயம் முடியும் தறுவாயில் அவர் எரிபொருளுக்காக நிற்க வேண்டியதாயிற்று. அதை அறியாத புரூஸ், தாம் இரண்டாவதாக வந்ததாகவே எண்ணிக் காரை நிறுத்தினார். பிறகுதான் வெற்றி பெற்றவர் தாமே என்பது அவருக்குத் தெரியவந்தது. தம் நிறுவனம் உருவாக்கிய காரில் தாமே கிராண்ட் பிரீ பந்தயத்தை வெல்வது மிக அரிய சாதனை. அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் பிராபம், டான் கர்னி ஆகிய இருவரே. சீப்ரிங்கிலும் ஸ்பாவிலும் பிறருடைய எரிபொருள் தீர்ந்ததால்தான் அவர் வென்றார் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால், காரைப் பழுதில்லாமல் கடைசிக் கோடுவரை கொண்டுவந்து சேர்ப்பவருக்கே அத்தகைய வாய்ப்பு பயன்படும்.

1970ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் நடந்த பயிற்சியின்போது தீப்பற்றியதில் டென்னி ஹியூமின் கைகள் கடுமையாக வெந்துபோயின. அதன்பின் சில நாள்களிலேயே, ஜூன் 2ஆம் நாள், புரூஸ் இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் புதிய கேன்-ஏம் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்ப்பாதையில் அதிவேகமாகச் சென்றபோது காரின் பின்பகுதி மேல்தகடு கழன்று பறந்தது. சக்கரங்களைத் தரையோடு அழுத்திவைத்திருந்த காற்றின் விசை அக்கணமே குறைந்தது. கட்டுப்பாட்டை இழந்த கார் தடத்தோரத் தடுப்பில் மோதியது. புரூஸ் அங்கேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. மனைவி பேட்டியும் சிறுமியான மகள் அமாண்டாவும் அவரை இழந்து தவித்தனர்.

அத்தோடு நிறுவனம் மூடப்படும் என்று பலர் எண்ணியிருக்கலாம். அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று தொழிலாளர்களிடம் கூறப்பட்டது. ஆயினும், அவர்கள் அனைவரும் காலையில் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். துயரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, நின்றுபோன வேலையைத் தொடர்ந்தார்கள். விபத்து நடந்து பன்னிரண்டே நாள்களில் கனடாவில் அவ்வாண்டின் முதல் கேன்-ஏம் பந்தயம் நடந்தது. அதில் டான் கர்னி மெக்லாரன் காரை ஓட்டி முதலிடம் பெற்றார். கைப்புண் ஆறாத நிலையிலும் டென்னி ஹியூம் ஓட்டி மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் அத்தொடரின் வெற்றியாளர் பட்டமும் ஹியூமுக்கே கிடைத்தது.

மெக்லாரன் அணி பின்னர் உலகப் புகழ் பெற்றது. 1974ஆம் ஆண்டு எமர்சன் ஃபிட்டிபால்டி அந்த அணிக்கு முதல் உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 1988ஆம் ஆண்டில் அயர்டன் சென்னாவும் அலன் புரோஸ்டும் 16 பந்தயங்களில் 15ஐ வென்றனர். சிங்கப்பூரின் ஒளிவெள்ளத்தில் 2009ஆம் ஆண்டு நடந்த இரவுப் பந்தயத்தில் லூயிஸ் ஹேமில்டன் வென்றதும் மெக்லாரன் காரில்தான். அன்று சாலையோரத்தில் நின்று ஆரவாரம் செய்தவர்களுள் எத்தனை பேர், அந்தப் பெயருக்குரியவர் ஒரு காலத்தில் நடக்க முடியாமல் படுத்திருந்த சிறுவன் என்பதை அறிந்திருப்பார்கள்?

புரூஸ் மெக்லாரன் உலக வெற்றியாளர் பட்டத்தை ஒருமுறைகூடப் பெறவில்லை. அவர் வென்ற கிராண்ட் பிரீ பந்தயங்களும் நான்கே. அவரைவிட அதிகமாக வென்ற ஓட்டுநர்கள் பலர் உள்ளனர். ஆனால், தாம் இல்லாத மறுநாள் காலையிலும் வேலையைத் தொடரக்கூடிய ஒரு குழுவை அவர் உருவாக்கிச் சென்றார். பந்தயத் தடத்தில் அவர் பெற்ற வெற்றிகளைவிட அது பெரிய வெற்றி. அவர் பெயரைத் தாங்கிய கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.