இசைத்தட்டின் நடுவே ஓர் ஓவியர்

கல்முனைக் கரையோரத்தில் கலியாண வீடென்றால் ஒலிபெருக்கியும் இசைத்தட்டுப் பெட்டியும் வந்திறங்கிய காலம் ஒன்றிருந்தது. சிறுவனாகிய நான் பாட்டைக் கேட்டதிலும் பார்க்க, தட்டின் நடுவே இருந்த படத்தில் கண் பதித்திருந்ததே அதிகம். குழலின் முன் தலைசாய்த்து அமர்ந்திருக்கும் அந்த நாய்! மார்க்க கீதம் பதிந்த தட்டிலே நாய்க்கென்ன வேலை என்று உம்மம்மா முகஞ் சுளிப்பார். வாப்பாவோ மறுமொழி கூறாது தட்டை உறைக்குள் இட்டுவிடுவார். படத்தை வரைந்தவர் யார் என்ற வினா அன்றே எழுந்தது. விடை கிடைக்கப் பல்லாண்டு சென்றது.

அவர் பிரான்சிஸ் பரோ. 1856இல் இலண்டனில், ஓவியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். பிரிஸ்டல் நகர நாடக அரங்கிலே திரைச்சீலை தீட்டிவந்த அண்ணன் மார்க் 1887இல் மறைந்தார். அவருடைய நாயாகிய நிப்பர் தம்பியிடம் வந்து சேர்ந்தது. எசமானின் குரலையே அது கேட்டு நின்றது என உலகம் உருகுகிறது. அதற்குச் சான்று எதுவுமில்லை. பெட்டியிலிருந்து குரல் எங்ஙனம் வருகிறது என அது திகைத்து நின்றதே ஓவியரின் மனத்தில் தங்கியது. 1895இல் நாய் இறந்தது. அதன் பின்னரே, நினைவைத் துணைக்கொண்டு படத்தை எழுதினார்.

எழுதினாரேயன்றி, வாங்குவார் எவருமில்லை. மெழுகு உருளையிற் பாடும் பெட்டியை விற்ற கம்பனி மறுத்தது. கறுத்த குழலுக்குப் பதிலாகப் பித்தளைக் குழல் தீட்டினால் படம் பொலிவுறும் என்றெண்ணிய பரோ, குழலொன்றை இரவல் கேட்க 1899இல் கிராமபோன் கம்பனியின் படியேறினார். அங்கிருந்த ஓவன் என்னும் அதிகாரி, பெட்டியையே மாற்றித் தங்கள் கருவியை வரைந்தால் வாங்குவதாகச் சொன்னார். பரோ இசைந்தார். ஓவியத்துக்கு 50 பவுண். உரிமைக்கு 50 பவுண். அவ்வளவே!

அந்த ஒரு படம் எல்லா இசைக்கும் முகமாயிற்று. 1908இல் கல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை எழுந்தது. 1909 முதல் அப்படம் இங்கிலாந்துத் தட்டுகளின் நடுவே ஏறியது. இத்தாலிய இசைநாடகமாயினும் கருநாடக சங்கீதமாயினும் அதே நாய்தான். பாடுபவரின் தகுதியைச் சொன்னது நடுத்தாளின் நிறம். 1901இல் உருசியாவிலே தோன்றிய சிவப்புத் தாள் பெரும் பாடகர்க்குரியது, விலையும் மிகுதி. ஏனையோருக்கு நாவற்பழ நிறம். பாட்டின் சாயலை உறையிலேயே தீட்டி விற்கும் கலை, 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞராலேயே வேரூன்றியது.

பரோவின் பிற ஓவியங்களை இன்று யார் அறிவார்? கம்பனி கேட்டதற்கிணங்க அதே நாயை, அதே குழலை, 24 முறை மீண்டும் தீட்டினார். கம்பனி ஓய்வூதியமும் வழங்கியது; நன்றி கெட்டவர்கள் என்று சொல்வதற்கில்லை. எனினும் இருபத்துநான்காவது பிரதிக்குத் தூரிகையை எடுத்தபோது அவர் கை என்ன எண்ணியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. 1924இல் காலமானார்.

பிரதிகள் அனைத்திலும் இருப்பது கிராமபோன் ஒன்றே. மூல ஓவியத்தில் மட்டும், வெளிச்சம் சாய்வாக விழும்போது, மேற்பூச்சின் அடியிலிருந்து அவர் முதன்முதல் வரைந்த பழைய பெட்டியின் கோடுகள் தெரிகின்றன.