இலைச்சோற்றில் வாழும் தேசபக்தர்

சீன தேசத்தில் சந்திர மாதக் கணக்கின்படி ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வந்துவிட்டால், ஏழை செல்வர் என்ற பேதமின்றி ஜனங்கள் ஒருவகைச் சோற்றைச் சமைக்கிறார்கள். பசைமிக்க அரிசியை ஊறவைத்து, வடக்கே இலந்தைப் பழமும் தெற்கே பன்றி மாமிசமும் உள்ளே வைத்து, மூங்கில் இலையிலோ நாணல் இலையிலோ பொதிந்து, நூலால் இறுகக் கட்டி, நெடுநேரம் வேகவைப்பார்கள். ஸோங்ஸி என்பது அதன் பெயர். வீட்டாருக்கு வேண்டிய அளவோடு நிறுத்துவதில்லை. விருந்தினருக்குப் பரிமாறி, உற்றார் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் வழங்குவார்கள். இந்த விருந்துக்கு உரியவராக ஜனங்கள் கொண்டாடுபவர் மன்னரல்லர். மன்னரால் விரட்டப்பட்ட மந்திரி.

சியு யுவான் என்னும் அப்பெரியார் கி.மு. நான்காம் நூற்றாண்டில், சூ ராஜ்யத்தின் அரச வம்சத்தில் தோன்றியவர். கல்வியிலும் வாக்கு வன்மையிலும் சிறந்த அவரை ஹுவாய் மன்னர் மந்திரியாக அமர்த்திச் சட்டங்கள் இயற்றும் பொறுப்பையும் ஒப்புவித்தார். பொறாமை கொண்ட ஓர் அதிகாரி கோள் மூட்டினார். மன்னரும் அதற்குச் செவிசாய்த்து அவரை விலக்கினார்.

மேற்கே வலுத்துவந்த சின் ராஜ்யத்தை நம்பலாகாது என்பதே சியு யுவானின் கொள்கை. அந்த ராஜ்யத்தின் தூதர் 600 லி நிலம் தருவதாக ஆசை காட்டிச் சூவை நட்பு நாட்டினின்று பிரித்தார். பின்னர், தாம் சொன்னது 6 லி மட்டுமே என்று கைவிரித்தார். அதன் பின்னும் மன்னருக்கு அறிவு வரவில்லை. சியு யுவான் தடுத்தும் கேளாமல் கி.மு. 299-ல் சின் நாடு சென்று சிறைப்பட்டு, அங்கேயே மாண்டார். அடுத்துப் பட்டமேறிய மகனோ சியு யுவானைத் தேசப்பிரஷ்டம் செய்தார்.

தென்பிரதேசத்தில் அலைந்த காலத்தில் அவருடைய துயரம் கவிதையாயிற்று. லி ஸாவ் என்னும் நெடும்பாட்டு இன்றும் சீன இலக்கியத்தின் மூலதனங்களுள் ஒன்று. கி.மு. 278-ல் சின் படை சூவின் தலைநகரைக் கைப்பற்றியது. நாடிழந்த அவர் மிலுவோ ஆற்றில் இறங்கி உயிர் நீத்தார்.

அவர் சரித்திரத்தை முதலில் எழுதிய ஸூமா சியென் இலைச்சோற்றைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. அது பின்னர் ஜனங்களே சேர்த்த அத்தியாயம். ஆற்றில் இட்ட சோற்றை நீர்நாகம் கவர்ந்ததாகவும், இலையில் பொதிந்து ஐவர்ண நூலால் கட்டித் தரும்படி அவர் ஆவியே கேட்டதாகவும் பழங்கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அன்பு மெய்.

கி.மு. 221-ல் சீனா முழுவதையும் வென்ற சின் பேரரசு 15 ஆண்டுகளில் அழிந்தது. நாடிழந்த கவியோ அழியவில்லை. ஜப்பானியர் படையெடுப்பின்போது, 1942-ல், குவோ மோருவோ அவர் வாழ்வை நாடகமாக்கிச் சுங்கிங் நகர மேடையில் நிறுத்தினார்.

மாண்ட தேசபக்தருக்கு விருந்திடுவது எளிது; அவர் வாழும்போது கூறும் கசப்பான யோசனையைக் கேட்பதே அரிது. சூ நாட்டு அரசவை அதைக் கேட்டிருந்தால், ஆற்றுக்குச் சோறிட வேண்டிய தேவையே நேர்ந்திராது.