மருத்துவப் பெருமாட்டி ஐடா ஸ்கடர் அம்மையார்

உலகின் மக்கட்பெருக்கத்தைப் பற்றிப் பேசுவோர் கோடிக்கணக்கிலேயே எண்ணுவர். 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 160 கோடியாயிருந்த மக்கள் 1960இல் 300 கோடியாயினர். 2022 நவம்பரில் 800 கோடியை எட்டினர் என ஐக்கிய நாடுகள் மன்றம் அறிவித்தது. இப்பேரெண்கள் சிந்தையை மருட்டுவன. ஆயின், அவ்வெண்ணில் ஒவ்வொன்றும் ஒரு தாய் நோவுற்று ஈன்ற உயிர் என்பதையும், அந்நோவிலே மடிந்த தாயர் எண்ணிறந்தோர் என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கோடிகளை எண்ணாது தாயரை ஒவ்வொருவராக எண்ணிய ஒருவர் நம் வட ஆர்க்காட்டு நாட்டில் வாழ்ந்தார். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே ஈண்டு எம் நோக்கம்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில் நகரை அடுத்துள்ளது எம் ஊராகிய வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இவ்வூர், 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் தனியே பிரியும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே. நோய் முற்றியபோது வேலூருக்குக் கொண்டு செல்லுங்கள் என்பது எம் பக்கத்தார் வாயில் வழிவழி வந்த சொல். அச்சொல்லுக்குப் பொருள் தந்தவர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவினின்றும் இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணத் தமிழரிடையே மருத்துவப் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவத் தொண்டரே. 1876 முதல் 1878 வரை இந்நாட்டைப் பாழ்படுத்திய பெரும் பஞ்சத்தைச் சிறுமியாயிருந்த அம்மையார் கண்ணாரக் கண்டார். பசியால் துவண்ட குழந்தைகளின் வாயில் அப்பத் துண்டுகளை ஊட்டினார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. ஆதலின் அமெரிக்கா சென்று கற்குங்கால், தம் குலத்தார் போல இந்தியாவில் தொண்டு புரிய ஒருப்படாது, தம் நாட்டிலேயே இனிது வாழ விழைந்தார்.

1890இல் தாயார் நோயுற்றமையின், அவரைப் பேணுதற்பொருட்டு அம்மையார் திண்டிவனத்திற்கு வந்தார். குறுகிய காலம் தங்கித் திரும்புதலே அவர் கருத்து. அங்கே ஓரிரவு நிகழ்ந்தது அவர் வாழ்வையே மாற்றிற்று. அந்தணர் ஒருவர் வந்து, இளம் மனைவி மகப்பேற்று நோவால் வருந்துவதாகவும் அம்மையார் வந்து உதவவேண்டும் எனவும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும் மருத்துவராகிய தந்தையாரை அழைத்து வருவதாகவும் அம்மையார் கூறினார். பிற ஆடவர் தம் மனைவியைக் காணல் மரபன்று எனக் கூறி அவர் சென்றுவிட்டார். அவ்விரவே முஸ்லிம் ஒருவரும், வேறொரு குலத்து இந்து ஒருவரும் அதே வேண்டுகோளுடன் வந்து அவ்வாறே மீண்டனர். பொழுது புலர்ந்தது, மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது.

அக்கணவன்மாரைக் கொடியர் என்றல் பொருந்தாது. மனைவியர் பிழைக்க வேண்டும் என்னும் விழைவன்றோ நள்ளிரவில் அவரை வாயிற்கதவு தட்டச் செய்தது? வழக்கம் அவர்தம் கைகளைப் பிணித்திருந்தது. சிறுமியரை மணஞ்செய்து கொடுத்தலும், உடல் முதிரா முன்னே அவர் தாயராதலும் அந்நாளில் இயல்பாயிருந்தன. 1929இல் சார்தா சட்டம் இயற்றப்பட்ட பின்னரே பெண்ணின் மணவயது 14 என வரையறுக்கப்பட்டது. பெண்களுக்குப் பெண் மருத்துவரே வேண்டும், அவரோ அரியர். இவ்வுண்மை அம்மையார் நெஞ்சில் ஆழப் பதிந்தது. எதனை மறுத்தாரோ அதனையே மேற்கொண்டார்.

அமெரிக்கா மீண்டு, முதலில் பிலடெல்பியாவிலும் பின்னர் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதற்காலத்தில் தேறியவருள் அவர் ஒருவர். வேலூரில் மருத்துவமனை எடுப்பதற்கென ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் நல்கினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த அம்மையார், அவ்வாண்டிலேயே தந்தையாரை இழந்தார். சிறிய அறை ஒன்றில், ஒரே கட்டிலுடன் பணி தொடங்கினார். 1902இல் நாற்பது கட்டில்களையுடைய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

நோயாளர் வரட்டும் என அவர் காத்திருந்தாரல்லர். மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் சிற்றூர்களை நாடிச் சென்று, வழியோர மர நிழல்களில் மருந்தளித்தார். எனினும் ஒருவர் இரு கைகளால் எத்துணைப் பேரைக் காத்தல் இயலும்? இவ்வினாவே அவரை ஆசிரியராக்கிற்று. 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தோற்றுவித்தார். பெண்கள் கற்க முன்வருவரோ என ஆட்சியாளர் ஐயுற்றனர். விண்ணப்பித்தோரோ இடமின்றி மறுக்கப்படும் அளவுக்குப் பெருகினர். ஆடவர் பலர் தவறிய தேர்வில் அம்மையாரின் மாணவியர் அனைவரும் தேறினர்.

அப்பள்ளி தோன்றிய ஆண்டிலேயே நச்சுச்சுரம் நாடெங்கும் பரவி மக்களை வாரிக்கொண்டு சென்றது. 1911க்கும் 1921க்கும் இடையில் இந்திய மக்கள் தொகை பெருகாது சற்றுக் குறைந்ததென மக்கட்கணக்கு கூறும். பலர் பிறந்தனர்; பலர் மடிந்தனர். பிறந்த மகவு தங்குமோ தங்காதோ என அஞ்சும் குடும்பம், பல மக்களைப் பெறுதலில் வியப்பென்ன? தாயும் சேயும் பிழைப்பர் என்னும் உறுதி தோன்றிய பின்னரே, அளவாகப் பெறுவோம் என்னும் எண்ணமும் தோன்றும்.

அம்மையாரின் முதுமையில் ஒரு பெருஞ்சோதனை வந்துற்றது. பழைய மருத்துவச் சான்றிதழ் ஒழிந்து, எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பே வேண்டும் என அரசாங்கம் விதித்தது. அதற்குப் பெரும்பொருள் தேவை. பொருளின் பொருட்டு ஆடவரையும் சேர்க்கும் பொதுக் கல்லூரியாக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தபோது, பெண்களுக்கெனப் பொருளீட்டித் தந்த பழந்துணைவர் சிலர் மனம் நொந்தனர். அவர் வருத்தம் வீண் வருத்தம் அன்று. ஆயினும், கல்லூரி மூடப்பட்டால் பெண்களே பேரிழப்புறுவர் எனக் கண்ட அம்மையார், எழுபது வயதில் அமெரிக்கா சென்று பல ஆண்டு பொருள் வேண்டி அலைந்தார். 1942இல் கல்லூரி பட்டநிலைக்கு உயர்ந்தது. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர். அப்பொறுப்பை மகப்பேற்று மருத்துவத்தில் வல்லவராகிய ஹில்டா லாசரஸ் அம்மையார் என்னும் இந்தியப் பெண்மணி ஏற்றார். தம் இடத்தை இந்நாட்டு மகள் ஒருவர் பெற்றதைக் கண்டு மகிழ்ந்த அம்மையார், 1960 மே திங்களில் கோடைக்கானலில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்னர் நம் நாடு மக்கட்பெருக்கத்தைக் கண்டு அஞ்சியது. 1951இல் 36 கோடியாயிருந்த இந்தியர் 2011இல் 121 கோடியாயினர். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பலரை வற்புறுத்திக் கருத்தடை செய்த கொடுமையும் நிகழ்ந்தது. மக்களை வெறும் எண்ணாகக் கருதியதன் விளைவு அது. தமிழ்நாட்டிலோ, பெண்கல்வியும் மணவயதும் உயர்ந்தமையாலும், ஊர்தோறும் செவிலியரும் சுகாதார நிலையங்களும் பரவினமையாலும், ஒரு பெண் பெறும் மக்களின் சராசரி 2019-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1.8 ஆயிற்று. 2018-20இல் ஓரிலக்கம் உயிர்ப்பேறுகளுக்கு இறந்த தாயர் இந்தியா முழுதும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர்.

ஐம்பத்து நான்கு சிற்றெண் எனத் தோன்றலாம். திண்டிவனத்தில் ஓரிரவில் இறந்தோர் மூவரே. அம்மூவர்க்காக ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தார். மருத்துவம் பயிலாத நாமும் செய்யத்தக்கது உண்டு. நம் இல்லத்துப் பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதிருத்தல், பருவம் முதிரா மணத்தை மறுத்துரைத்தல், மகப்பேற்றையும் கருப்பை நலத்தையும் பற்றிப் பேசுதல் நாணத்தக்கது என்னும் எண்ணத்தை அகற்றுதல் ஆகிய இவை எவர்க்கும் இயல்வன. அன்று கணவன்மாரின் கைகளைப் பிணித்த வழக்கம் நம் வீடுகளில் வேறுருவில் இன்றும் உளதோ என ஆராய்ந்து களைதலே அப்பெருமாட்டிக்கு நாம் செய்யும் நன்றியாகும்.