எந்தக் கொசு, எந்த நீர்: மலேரியாவின் புதிரை அவிழ்த்த ரொனால்ட் ராஸ்

ஆகஸ்ட் 20-ஆம் தேதி உலகக் கொசு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1897-ஆம் ஆண்டு இதே நாளில், செகந்திராபாத்தில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்ந்திருப்பதைக் கண்டார். மலேரியாவைப் பரப்புவது எல்லாக் கொசுக்களும் அல்ல என்ற உண்மையை அவர் உணர்வதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ராஸ் பிறந்தார். கவிதையிலும் இசையிலும் நாட்டம் கொண்டிருந்த அவர், படைத் தளபதியான தந்தையின் விருப்பத்துக்கிணங்க லண்டனில் மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியைத் தொடங்கினார்.

1883-இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை மிகுந்திருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அதைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. ஏனைய பாத்திரங்களையும் கவிழ்க்கலாம் என்ற அவரது யோசனையைப் படை அதிகாரி ஏற்கவில்லை.

1894-இல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் மலேரியா ஒட்டுண்ணியை அவருக்கு நுண்ணோக்கியில் காட்டி, கொசுவின் மீது ஐயம் கொள்ளச் செய்தார். மறு ஆண்டே செகந்திராபாத்தில் ஆய்வு தொடங்கியது. ஆனால், வீட்டைச் சுற்றி எளிதில் கிடைத்த கியூலெக்ஸ், ஏடிஸ் வகைக் கொசுக்களையே அவர் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனித மலேரியா அவற்றினுள் வளர்வதில்லை. இடையே நீலகிரியின் சீகூர் பகுதிக்குச் சென்ற அவரையே மலேரியா பற்றிக்கொண்டது.

ஆகஸ்டில் உதவியாளர்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து, இறகில் புள்ளிகள் கொண்ட புதுவகைக் கொசுக்கள் வெளிவந்தன. இன்று அனோபிலிஸ் என்று அறியப்படும் இனம் அது. ஹுசைன் கான் என்ற நோயாளி, கடி ஒன்றுக்கு ஓர் அணா கூலி பெற்றுக்கொண்டு அவற்றுக்குத் தம் இரத்தத்தை அளித்தார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு மலிவாக வாங்கப்பட்ட உதவி அரிது.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆய்வு செய்த ராஸ், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுவதை நிறுவினார். மனிதரிடையே அனோபிலிஸ் நோயைப் பரப்புவதை இத்தாலியின் கிராஸி குழுவினர் காட்டினர். 1902-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராஸுக்கு மட்டுமே கிடைத்ததால், இருவருக்குமிடையிலான கசப்பு இறுதிவரை நீடித்தது.

கண்டுபிடிப்பை விடக் கடினமாக அமைந்தது அதைக் களத்தில் பயன்படுத்துவது. சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் தேங்கிய நீரை அகற்றியதும் மலேரியா பெருமளவு தணிந்தது. லாகூரை அடுத்த மியான் மீர் படைமுகாமிலோ அதே முறை பலனளிக்கவில்லை. அங்குப் பாசனக் கால்வாய்களின் நீரில் கொசுக்கள் மீண்டும் மீண்டும் பெருகின. பணி போதிய அளவில் நடைபெறவில்லை என்றே ராஸ் வாதிட்டார். அந்த விளக்கம் முழுமையானதாகத் தோன்றவில்லை. கொசு முட்டையிடும் நீரும், இரவில் மனிதர் உறங்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன.

எனினும், கொசுக்களை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் மறையும் என்று அவர் கணித வழியில் நிறுவியது இன்றும் நோய்ப்பரவலியலுக்கு அடித்தளமாக உள்ளது. ராஸ் 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனில் காலமானார்.