கோட்டை வீட்டுப் பையன் மயிலாப்பூர் வந்த கதை

சாந்தோம் பேராலயத்தை நீங்க எத்தனை தடவை கடந்து போயிருப்பீங்க? பீச்சுக்குப் போகும்போது பஸ் ஜன்னல்ல அந்த வெள்ளைக் கோபுரம் தெரியும், அவ்வளவுதான். நானும் மூணு வருஷம் அப்படித்தான் கடந்து போனேன். இப்போ நிற்கிற கட்டடம் 1896-ல் கட்டினது. ஆனா 1545-ல், அதே இடத்தில் போர்ச்சுகீசியர் கட்டின பழைய கோயில் இருந்தப்போ, ஒரு பாதிரியார் வந்து சுமார் நாலு மாசம் தங்கினார். பேர் பிரான்சிஸ் சேவியர். தெற்கே போனீங்கன்னா சவேரியார்னு சொல்வாங்க.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனா கிறிஸ்தவத்தில் ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைக்கும். பணிவு மனுஷனுக்கு வேணும்னு எல்லா மதமும் சொல்லும். இவங்க கடவுளே பணிவானவர்னு சொல்றாங்க. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர், சீடர்களோட காலைக் கழுவினவர்தான் அவங்க கடவுள். அப்படி ஒருத்தரைப் பின்பற்றணும்னா, இயல்பிலேயே திமிர் பிடிச்ச ஆள் என்ன பண்ணுவான்? சேவியர் அப்படிப்பட்ட ஆள்.

பிறந்தது 1506, நவார்ரே என்ற சின்ன ராஜ்ஜியத்தில். இன்னிக்கு அது வட ஸ்பெயின். வீடுன்னு சொல்ல முடியாது, கோட்டை. அப்பா ராஜாவோட ஆலோசகர். 1512-ல் ராஜ்ஜியம் போச்சு, 1515-ல் அப்பா போனார், 1516-ல் கோட்டையோட மதிலையும் கோபுரங்களையும் இடிச்சாங்க. விழுந்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும்னு படிக்கக் கிளம்பின கடைசிப் பையன் எப்படி இருப்பான்? உங்க பெஞ்சிலேயே ஒருத்தன் இருப்பான், பாருங்க.

1525-ல் பாரிஸ் பல்கலைக்கழகம். ரூம்மேட் பீட்டர் ஃபேபர், ஆடு மேய்ச்ச வீட்டுப் பிள்ளை. 1529-ல் அந்த ரூமுக்கு மூணாவதா இக்னேஷியஸ் லயோலா வந்தார். வயசு சேவியரைவிட பதினஞ்சு அதிகம், காலில் குண்டடி பட்டு நொண்டுவார், தர்மம் வாங்கிப் படிக்கிறார். அந்தக் குண்டு பட்ட 1521 சண்டையில் சேவியரோட அண்ணன்கள் எதிர் அணி. சேவியருக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். லயோலா பதிலுக்குச் சண்டை போடலை. சேவியர் வாத்தியார் ஆனப்போ அவர் வகுப்புக்குப் பசங்களைச் சேர்த்து விட்டார், கையில் காசில்லாதப்போ உதவினார். சேவியர் மாற வருஷக்கணக்கில் ஆச்சு. 1534-ல் ஏழு பேர் சேர்ந்து எடுத்த விரதத்தில் மூணு பேரும் இருந்தாங்க. அதுதான் பின்னாடி இயேசு சபை ஆனது. (நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி இவர் பேரில்தான்.)

இந்தியாவுக்கு முதல்ல தேர்வானது வேற ஒருத்தர். அவருக்கு உடம்பு சரியில்லாமப் போக, கடைசி நேரத்தில் சேவியரை அனுப்பினாங்க. போப்பாண்டவரோட தூதர் பதவி கையில் இருந்தும் வேலைக்காரன் வேண்டாம்னுட்டார். கப்பல்ல தன் துணியைத் தானே துவைச்சார்னு சொல்வாங்க. 1542 மே மாசம் கோவா, அதே வருஷக் கடைசியில் நம்ம முத்துக்குளித்துறை.

பரதவர்கள் அதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. ஆனா சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சேவியருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களை வெச்சு ஜெபங்களைத் தமிழாக்கி, சின்னப் பையன் வாய்ப்பாடு படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணினார். அப்புறம் கையில் மணியை ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா போய் பிள்ளைங்களைக் கூப்பிட்டார். பாரிஸ்ல தத்துவம் நடத்தின ஆள்! 1544-ல் தோழர் மன்சிலாஸுக்கு ஒரு கடிதம் எழுதறார்: விசுவாச அறிக்கையில் ‘வேணும்’னு சொல்லிக் கொடுத்துட்டோம், அது ஆசைப்படறதைக் குறிக்கும், இனிமே ‘விசுவாசம்’னு மாத்துங்கன்னு. தப்பா சொல்லிக் கொடுத்ததை ஒத்துக்கிட்டு எழுதின அந்தக் கடிதம்தான் அவரோட அற்புதக் கதைகளைவிட எனக்குப் பிடிச்சது.

மன்சிலாஸ் கொஞ்சம் முன்கோபி போல. அவருக்குப் போன கடிதங்கள்ல சேவியர் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான். ஜனங்ககிட்ட பொறுமையா இருங்க, அவங்க உங்களை நேசிக்கிற மாதிரி நடந்துக்கோங்க. அதே 1544 ஜூன்ல வடுகர் படை தாக்கி, ஜனங்க கன்னியாகுமரி பக்கத்துப் பாறைகள்ல பசியோட ஒதுங்கினப்போ, மணப்பாட்டிலிருந்து இருபது தோணியில் சாப்பாடு ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். எதிர்க்காத்து விடலை. திரும்பி வந்து, கரை வழியா நடந்தே போனார்.

இவ்வளவும் சொல்லிட்டு மீதியை மறைச்சா அது ஏமாத்து வேலை. பிள்ளைங்களை விட்டு சிலைகளை உடைக்க வெச்சவரும் இவர்தான். 1546-ல், மயிலாப்பூர்ல ஜெபம் பண்ணிட்டுப் போன அடுத்த வருஷம், கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேணும்னு போர்ச்சுகல் ராஜாவுக்கு எழுதினார். அது 1560-ல், அவர் செத்த பிறகு வந்தது. அது செஞ்ச கொடுமை சரித்திரத்தில் இருக்கு. பரதவப் பிள்ளைகிட்ட இருந்த மென்மை வேற நம்பிக்கைக்காரங்ககிட்ட ஏன் இல்லை? காலம் அப்படின்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அந்தப் பதில் போதலை.

மயிலாப்பூர்ல பங்குத் தந்தை காஸ்பர் கொயெல்யோ வீட்டில் தங்கினார். அடுத்து எங்கே போறதுன்னு அவருக்கே குழப்பம். ராத்திரியில் தோமா கல்லறைக்குப் போய் ஜெபம் பண்ணுவார். ஆண்டவரோட காயத்தைத் தொட்டுப் பார்த்தாதான் நம்புவேன்னு சொன்ன தோமாகிட்டயே குழம்பின ஒரு ஆள் போய் உட்கார்ந்தது பொருத்தம்தான். அங்கேதான் கிழக்கே போறதுன்னு முடிவாச்சு.

ஜப்பான்ல ஒரு திருப்பம். 1550-51 பனிக்காலத்தில், குதிரைக்காரங்க பின்னாடி கூலியாள் மாதிரி ஓடியே தலைநகர் போனார். கந்தல் துணியோட வந்தவரை யாரும் மதிக்கலை. அடுத்து யாமகுச்சி பிரபுகிட்ட போனப்போ நல்ல உடுப்பு போட்டு, கடிகாரமும் துப்பாக்கியும் பரிசா கொண்டு போனார். ஏழைக் கோலத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கறதும் ஒருவித கௌரவம்தானே? அதையும் அவர் விட்டுட்டார்னு நான் எடுத்துக்கறேன்.

1552 டிசம்பர் 3, சீனக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தீவு, வயசு 46. பக்கத்தில் அந்தோணின்னு ஒரு சீன இளைஞர் மட்டும். கழுத்தில் ஒரு சின்னச் சிமிழ் இருந்ததா சொல்வாங்க. உள்ளே அவர் எழுதின விரத வாக்கு, தோமாவோட எலும்புத் துணுக்கு ஒண்ணு, அப்புறம் ஒரு கடிதத்திலிருந்து வெட்டி எடுத்த கையெழுத்து. அந்த நொண்டி ரூம்மேட்டோடது.